ஸ்டாப்பர் பேக்

நான் கல்லூரியில் மூன்று வருசம் புட்பால் ஆடியவன். ஆடிய இடம் ஸ்டாப்பர் பேக். கோலிக்கு முன்னால் நடுவில் நின்று மறிக்கிற இடம். கோல் போட்டவன் பேர் பேப்பரில் வரும். போட விடாமல் மறிச்சவன் பேர் எந்தப் பேப்பரிலும் வராது. மூன்று வருசத்தில் நான் போட்ட கோல் ஒன்றே ஒன்று. அதுவும் எங்கள் கோலுக்குள்ளேயே போனது.

இப்போது நான் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகள் கேட்கிறார்கள், “நீங்க ஏன் சார் பெரிய டீம்ல ஆடல?” என்று. மழை பெய்து மைதானம் சகதியாய்க் கிடக்கிற நாளில் பாதி சொல்லியிருக்கிறேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

எங்க ஊர் சேத்தூர். ராஜபாளையத்தில் இருந்து தெற்கே, தென்காசி போகிற ரோட்டில் இருக்கிறது. மேற்கே மலை. மலையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும், நெல் விளையும். நெல் விளைகிற ஊரில் நிலம் யார் கையில், நாற்றுமுடி யார் கையில் என்று இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரசாங்கக் காகிதத்தில் எங்கள் தெருவுக்குக் காலனி என்று பேர். ஊர் வாயில் பள்ளத்தெரு.

கோடையில் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதுதான் எங்கள் மைதானம். முதலில் துணிப்பந்து. பிறகு ரப்பர் பந்து. கரைக்கு அந்தப்பக்கம் ஊர்க்காரர் ஒருவரின் களமும், களத்தை ஒட்டி அவர் கிணறும் இருந்தன. பந்து கரையைத் தாண்டினால் களத்தில் விழும். களத்தில் நெல் காயும், மிளகாய் வத்தல் காயும். போய் எடுக்க முடியாது. கரை மேல் நின்று “சாமி, பந்து வந்திருச்சு சாமி” என்று கத்தணும். அவர்களுக்குத் தோணினால் எறிவார்கள். தோணவில்லை என்றால் அந்தக் கோடைக்கு ஆட்டம் முடிந்தது.

எனக்குப் பதினோரு வயசில் பந்து களத்தையும் தாண்டிக் கிணற்றில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அந்தப்பக்கக் கோலில் நின்றது நான். மூன்று நாள் பந்து தண்ணீரில் மிதந்தது. மூன்றாம் நாள் வாளி விட்டு எடுத்து, அரிவாளால் ரெண்டாக வகுந்து, கரை மேல் போட்டுவிட்டுப் போனார்கள். அதோடு விடவில்லை. தண்ணி கெட்டுப் போச்சாம். எங்கய்யாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கய்யா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு களத்து ஓரத்தில் நின்றதை நான் கரையில் இருந்து பார்த்தேன். கூலியில்லாமல் நாலு நாள் களத்து வேலை. அதுதான் அபராதம். வீட்டுக்கு வந்து என்னை அடிப்பார் என்று பயந்தேன். அடிக்கவில்லை. “ஒன்னத் தாண்டித்தானடா போச்சு?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு இருந்து பந்து என்னைத் தாண்டக் கூடாது என்பது எனக்கு வெறியாகிவிட்டது. நெஞ்சைக் கொடுப்பேன், முகத்தைக் கொடுப்பேன். எவன் காலில் பந்து இருந்தாலும் அவன் கண்ணைப் பார்க்க மாட்டேன், இடுப்பைத்தான் பார்ப்பேன். கண்ணும் காலும் ஏமாற்றும். இடுப்பு எந்தப்பக்கம் திரும்புதோ அந்தப்பக்கம்தான் ஆள் போவான். இதை எனக்கு எந்தக் கோச்சும் சொல்லித் தரவில்லை. கிணறு சொல்லித் தந்தது.

பிளஸ் ஒன் சேர ராஜபாளையம் போனேன். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கல். அங்கே எனக்கு ஒரு டிரில் வாத்தியார் கிடைத்தார். வெறுங்காலோடு நான் பந்தை மறிப்பதைப் பார்த்துவிட்டு, “நீ ஆடுறது ஆட்டமா, சண்டையா?” என்று கேட்டார். பிறகு அவர்தான் சொல்லித் தந்தார், பாய்ந்து விழுகிறவன் நல்ல பேக் இல்லை என்று. விழுந்தால் எழுந்திரிக்கிறதுக்குள் கோல் ஆகிவிடும். நிற்கணும். எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகணும். அவனே தப்புப் பண்ணுகிற வரைக்கும் காத்திருக்கணும்.

அவர் ஓயாமல் சொல்கிற கதை ஜர்னைல் சிங் கதை. பிரிவினையில் சின்னப் பையனாக எல்லைக்கு இந்தப்பக்கம் ஓடிவந்த குடும்பம். பஞ்சாபில் மஹில்பூர் கால்சா கல்லூரியில் ஸ்டாப்பராக ஆடி, அங்கிருந்து கல்கத்தா போய், மோகன் பகானில் சேர்ந்து இந்தியாவின் தடுப்புச் சுவராக நின்றவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். தலையால் முட்டி மறிக்க முடியாது என்று பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னால் ஆட விட்டார். பின்னால் நின்ற அந்த மனுசன் அரையிறுதியிலும் கோல் போட்டார், தென்கொரியாவோடு நடந்த இறுதியிலும் போட்டார். 2-1, தங்கம். “ஸ்டாப்பர் பேக்குக்குக் கோல் போடத் தெரியாதுன்னு எவன் சொன்னான்? அவனை முன்னால விட்டாத்தான தெரியும்” என்பார் வாத்தியார். நான் வேறு எதையோ கேட்டதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

1994இல் கல்லூரி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்டது. பேர் வேண்டாம். சரித்திரம் எடுத்தேன், உண்மையில் படித்தது பந்துதான். முதல் பூட்ஸ் மதுரையில் பழைய கடையில் வாங்கினது. ரெண்டும் வேறு வேறு ஜோடி. ஒன்றில் ஆறு ஸ்டட், ஒன்றில் நாலு. முழங்காலுக்கு நீகேப் வாங்கக் காசில்லை. எங்க அக்காவைச் சத்திரப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். தேசம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். அக்கா கழிவில் விழுகிற துணியைச் சுருட்டி வைத்திருந்து தரும். அதைத்தான் முழங்காலில் சுற்றிக்கொண்டு ஆடுவேன். “நாங்க நெய்றது அடிபட்டவனுக்கு, நீ அடிபடுறதுக்கு முன்னாடியே சுத்திக்கிற” என்று சிரிக்கும்.

டீமில் பலதரப்பட்ட பையன்கள். ஜெர்சி போட்டிருக்கிற வரைக்கும் ஒரு வேற்றுமையும் கிடையாது. கோவில்பட்டி, மதுரை என்று ஆடப் போனால் டீக்கடையில் பதினோரு பேருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ்தான். ஜெர்சியைக் கழற்றின பிறகுதான் “தம்பிக்குச் சேத்தூர்ல எந்தத் தெரு?” என்று வரும். எங்கள் சென்டர் ஃபார்வர்டு ராஜபாளையத்துப் பையன், எங்களோடு மோதுகிற சாதிக்காரன்தான். ஆனால் மைதானத்தில் எனக்கும் அவனுக்கும் ஒரே மூச்சு. நான் மறித்து எடுத்த பந்தை நிமிர்ந்து பார்க்காமலே அடிப்பேன், அவன் அங்கே இருப்பான். என் வீட்டுக்கு அவன் வந்ததில்லை. அவன் வீட்டுக்குத் திண்ணை வரைக்கும் நான் போயிருக்கிறேன்.

மூன்றாம் வருசம் கேப்டன் போடுகிற நேரம் வந்தது. சீனியர் நான். பின்னால் நின்று பதினோரு பேரையும் பார்த்துக் கத்துகிறவனும் நான்தான். கேப்டன் ஆனது வேறொருவன். காரணம் கேட்டேன். “நீ பின்னால நிக்கிறவன்டா. கேப்டன்னா முன்னால நிக்கணும்ல” என்று பதில் வந்தது. அவர் அதைச் சாதி மனசில் வைத்துச் சொன்னாரா, ஆட்டத்தை மனசில் வைத்துச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் நம்மைத் தின்கிற விசயம். திட்டினால் திருப்பித் திட்டலாம்.

2018இல் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி பார்த்தேன். அமெரிக்காவின் உயர்ந்த சிவிலியன் பதக்கத்தை ஆலன் பேஜ் என்கிற முன்னாள் நீதிபதிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் பழைய புட்பால் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் என்று போட்டிருந்தது. டிஃபென்ஸ் என்ற ஒரு சொல்லுக்காகத் தேடிப் படித்தேன். அவர்கள் புட்பால் வேறு. முட்டை மாதிரியான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனை மறித்துச் சாய்ப்பது. நம் கபடியை இரும்புத் தொப்பி மாட்டி ஆடினால் எப்படியோ அப்படி. அங்கே கல்லூரி டீமில் ஆடித்தான் காசு தருகிற டீமுக்குப் போக முடியும்.

பேஜ், ஓஹயோவில் கான்டன் என்ற ஊர்க்காரர். அந்த ஊரில் புட்பால் வீரர்களுக்கு நினைவு மண்டபம் கட்டினார்கள். 1963இல் திறந்தது. அந்தக் கட்டடத்தில் பள்ளிக்கூட வயசில் வேலை பார்த்தவர் அவர். பிறகு நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு டிஃபென்ஸ் ஆடப் போனார். 1966 டீமில் கறுப்பர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். அந்த வருசம் நவம்பர் 19இல் மிச்சிகன் ஸ்டேட் டீமோடு ஆட்டம், 10-10 சமம். எதிர் டீமில் டிஃபென்ஸ் ஆடியது பப்பா ஸ்மித் என்கிற கறுப்பு மலை. அவர் டெக்சாஸ்காரர். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடத்தான் ஆசை. அங்கே கறுப்பர்களைப் புட்பால் டீமில் சேர்க்காத காலம். பெரிய டீமில் முதல் கறுப்பர் ஆடினது 1970இல்தான். அதனால் இவர் வடக்கே குளிர் தேசத்துக்குப் போய் ஆடினார். 1967இல் தொழில்முறை டீம்கள் கல்லூரி ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுத்தது இந்த ஸ்மித்தைத்தான். பேஜையும் அதே வருசம் மின்னசோட்டா டீம் எடுத்தது.

அங்கேயும் யார் எங்கே நிற்பது என்பதில் கணக்கு இருந்திருக்கிறது. டீமை நடத்துகிற நடு இடங்களில் வெள்ளையர், ஓடவும் மறிக்கவும் ஓரங்களில் கறுப்பர் என்று 1970இலேயே ரெண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம்மாளுகளுக்குக் கடல் தாண்டியும் ஒரே இடம்தான் போல.

பேஜ் 1971இல் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். டிஃபென்ஸ்காரன் ஒருவன் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஆடிக்கொண்டே சட்டம் படித்து, 1993இல் மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். தான் சித்தாள் வேலை பார்த்த அந்த மண்டபத்தில் 1988இல் அவர் பேர் ஏறியது. இதைப் படித்தபோது எனக்கு என் கதை ஞாபகம் வராமல் என்ன செய்யும்? என் கதையிலும் ஒரு பேர் இருக்கிறது. என் பேர் அல்ல.

இங்கே எங்கள் காலத்தில் ‘தொழில்முறை’ என்ற வார்த்தையே கிடையாது. தேசிய லீக் 1996இல்தான் தொடங்கியது. எங்களுக்குப் பந்து ஆடிச் சோறு தின்பது என்றால் துறை டீம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, மின்வாரியம், போலீஸ். வேலையும் உண்டு, சாயங்காலம் ஆட்டமும் உண்டு. அதற்குச் சாவி ஒரு காகிதம். ஃபாரம் மூணு என்பார்கள். பல்கலைக்கழக டீமுக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிற சர்டிபிகேட். சர்வதேச ஆட்டத்துக்கு ஒண்ணு, தேசிய ஆட்டத்துக்கு ரெண்டு, பல்கலைக்கழகத்துக்கு மூணு, பள்ளிக்கூடத்துக்கு நாலு. கூலிக்காரன் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பது மூணு. 1996 கடைசியில் பல்கலைக்கழக டீமில் தேர்வாகி வெளிமாநிலம் போய் ஆடினேன். மூணு ஆட்டம். ஃபாரத்தை வாங்கிக்கொண்டு சேத்தூரில் பஸ் இறங்கினபோது எங்கய்யா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. “இதுல ஒம் பேரு எங்கடா?” என்றார். விரல் வைத்துக் காட்டினேன்.

நானும் ஃபார்வர்டும் சென்னையில் ஒரே துறைக்கு மனுப் போட்டோம். மே மாசம் லெட்டர் வரும், வந்து ஆடிக் காட்டணும் என்றார்கள்.

1997 மே மாசம் என்ன நடந்தது என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். விருதுநகரில் புதுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கி அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் இருந்த நம்மாள். சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று எத்தனையோ பேர் ஓடிய ரோடுதான் அது. அப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினவர்களுக்கு இந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏறினால் மட்டும் தீட்டு. 

அந்தப் பஸ் முதன்முதல் எங்கள் ஸ்டாப்பில் வந்து நின்ற அன்றைக்கு எங்கய்யா என்னை இழுத்துக்கொண்டு போனார். “வாசிடா.” வாசித்தேன். “இன்னொருக்க வாசி.” வாசித்தேன். எழுத்தைக் கையால் தடவிப் பார்த்தார். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். ஏறி உட்கார்ந்து ராஜபாளையம் வரைக்கும் போய், ஒரு வேலையும் இல்லாமல், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். டிக்கெட்டைச் சுருட்டி வெத்தலைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் எங்கய்யா சும்மா பஸ்ஸில் போய் நான் பார்த்ததில்லை.

பிறகு கல்லெறி. பஸ் கண்ணாடிகள் உடைந்தன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் வெட்டு, தீ. ரெண்டு பக்கமும் உயிர்ப்பலி. பஸ் நின்றது. ராத்திரியில் போலீஸ் வண்டி தெருவுக்குள் வந்தால் வயசுப் பையன்கள் மேற்கே மாந்தோப்புகளுக்கு ஓடுவோம். மலையடிவாரத்தில் படுத்துக்கொண்டு நான் ஃபாரம் மூணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேஸில் ஒரு தடவை பேர் ஏறிவிட்டால் அந்தக் காகிதம் செல்லாது. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள்.

தபால் பை பஸ்ஸில்தான் வரும். பஸ் இல்லை என்றால் தபால் இல்லை. என் லெட்டர் ஜூன் மாசம் மூணாம் தேதி கைக்கு வந்தது. ஆடிக் காட்ட வேண்டிய தேதி மே இருபத்தெட்டு. அப்படியும் ராஜபாளையம் வரைக்கும் நடந்து போய் ரயில் ஏறினேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுசன். “முடிஞ்சு போச்சேப்பா. ஒரு ஸ்டாப்பரை எடுத்துட்டோம். அடுத்த வருசம் பாரு” என்றார். எடுத்த ஆட்கள் பட்டியல் பலகையில் ஒட்டியிருந்தது. எங்கள் ஃபார்வர்டு பேர் இருந்தது. அவன் லெட்டர் டவுனிலேயே அவனுக்குக் கிடைத்திருக்கிறது. பத்துக் கிலோமீட்டர்தான் எங்கள் ரெண்டு பேருக்கும். சைக்கிளில் யாரிடமாவது சொல்லிவிட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அவன் சாதிக்காரன் எவன் எங்கள் தெருவுக்குள் சைக்கிளில் வருவான்? அதுவும் சரிதான்.

வீட்டுக்கு வந்து நான் சொன்ன வார்த்தையை எழுதாமல் இருந்துவிடலாம். எழுதுகிறேன். “அந்தப் பேர எழுதாம இருந்திருந்தா எனக்கு வேல கெடச்சிருக்கும். செத்துப் போனவன் பேரு சோறு போடுமா?” என்று எங்கய்யாவைப் பார்த்துக் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தது. எங்கய்யா வெத்தலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பஸ்ஸு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்டா. பேரு போனா வராது” என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாசமே, ஜூலையில், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பேர் எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துவிட்டது. நம் பேர் ஒன்றை வைக்க முடியாமல் எல்லார் பேரையும் அழித்தார்கள். பஸ் வந்தது. பேர் எழுதின இடத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. எங்கய்யா பார்த்துவிட்டு ஏறாமல் நடந்து போனார்.

அடுத்த வருசம் நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். காசுக்காகக் கேரளாவில் செவன்ஸ் ஆடப் போனேன். ஆட்டத்துக்கு நூற்றைம்பது ரூபாய், சாப்பாடு. மூன்றாவது ஆட்டத்தில் வலது முழங்கால் திரும்பிவிட்டது. உள்ளே ஜவ்வு அறுந்திருக்கிறது என்றார்கள். ஆபரேசனுக்கு எங்கே போவது? அக்கா துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அது கூடினபோது நொண்டாமல் நடக்க முடிந்தது, திரும்பி ஓட முடியவில்லை. பேக்குக்குத் திரும்பி ஓடுவதுதான் எல்லாமே. நடக்கிற காலுக்கு என்ன படிக்கலாம் என்று பார்த்து, கால் ஓரளவு தேறியதும் உடற்கல்வி படித்தேன்.

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டக்காரன் தன் பேரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில்தான் அனுமதித்தார்கள். அதுவரை அவன் பேர் போட்ட சட்டையை விற்றாலும் காசு அவனுக்கில்லை. இங்கே 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. வியாசர்பாடியில் இருந்து தன்பால் கணேஷ், நந்தகுமார் என்று பையன்கள் வந்து லட்சக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு ஆடினார்கள். நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட கோலை நான் என் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பிள்ளை, எட்டாம் வகுப்பு, நம் தெருப் பிள்ளைதான், “சார், அந்த பேக்கு எடுப்பப் பாக்காம காலப் பாத்துட்டான் சார்” என்றது. நான் அதற்கு அந்த மாதிரி எல்லாம் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

எங்கய்யா 2009இல் இறந்து போனார். வெத்தலைப் பையில் அந்த டிக்கெட் இருந்தது. மை அழிந்து வெறும் வெள்ளைத் தாள். ஃபாரம் மூணு இருக்கிற டிரங்குப் பெட்டியில்தான் அதையும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று அவரிடம் சொல்லவில்லை. தப்புத்தானா என்று இன்றைக்கும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மாசக் கடைசியில் சில நாள் நான் சொன்னது சரி என்று தோன்றும். ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறபோது அவர் சொன்னது சரி என்று தோன்றும்.

ஃபார்வர்டு இப்போதும் அந்தத் துறையில்தான் இருக்கிறான். பொங்கலுக்குப் போன் பண்ணுவான். ஒரு தடவை, அவனாகவே, “அன்னைக்குச் சொல்லிவிடணும்னுதான்டா நெனச்சேன்” என்றான். நான் பேச்சை மாற்றினேன். போன மாசம் மறுபடியும் கூப்பிட்டான். பழைய ஆட்களை எல்லாம் சேர்த்துச் சென்னையில் ஒரு ஆட்டம் வைக்கிறார்களாம்.

“நீ வந்தாத்தான்டா. பேக்குக்கு ஆள் இல்ல.”

“முழங்கால் இருக்கே.”

“சும்மா நின்னாப் போதும். ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலம் வந்திரலாம்.”

பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சத்திரப்பட்டிக்குச் சொல்லிவிட்டுத் துணி வாங்கணும்.